இராமேச்சுரத் தீவில் ஒரு நாள்

கண் உடையார் எல்லாரும் காண்பர் என்பது உலகவழக்கு. அவ்வழக்குச் சிறிது ஆராயத்தக்கது. இருளில் விழித்திருக்கும் கண் ஒன்றையும் காண்பதில்லை. விளக்கு வந்தவிடத்தும், உள்ளம் வேறொன்றிற் சென்றிருப்பின், எதிர்நின்ற பொருளையும் அஃது அறிவதில்லை. கண்ணுக்கு ஒளி வேண்டும். கண்ணும் ஒளியுங் கூடியவழியும் உயிரினது அறிவு வேண்டும். அவ்வுயிரறிவுக்கும் உடனாய் நின்று காட்டுவதொரு பேரறிவு வேண்டும் என்பது சித்தாந்த நூலார் துணிபு. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இதனை இருவகைப்படுத்து உரைப்பர். சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரம் இவ்வுவமையை அடிப்படையாகக் கொண்டது. பாடங்கேட்டு அறிந்த இச்செய்தி, கேட்ட அளவில் நில்லாது, ஒருவரை ஒருநாட் பகல் முழுதும் தொடர்ந்து சென்ற வரலாறு ஈண்டு எழுதப்படுகின்றது.

மதுரையில் ஒரு பள்ளியிற் கணக்கு ஆசிரியராயிருக்கும் அன்பர் ஒருவர், வயது 55. அவர்தம் அன்னையார்க்கு வயது 80. அவ்வம்மையார் பிறந்து வளர்ந்த ஊர் இப்போது ஊர் என்று சொல்லத்தக்க நிலையில் இல்லை. அது தனுக்கோடி. அவர் தந்தையார் அங்குள்ள கப்பற்றுறையிற் பெட்டி சுமந்து பிழைத்தவர். சென்னை எழும்பூரிற் புறப்படும் புகைவண்டி தனுக்கோடித் துறைவரை வர, அங்கிருந்து நீராவிக் கப்பல் தலைமன்னார்க்குச் செல்ல, கொழும்பு வரைக்கும் ஒரே சீட்டில் மக்கள் பயணம் போன காலம் அது. 1914இல் தொடங்கிய அப்போக்குவரவு ஐம்பதாண்டு நடந்தது. 'இர்வின்', 'கோஷன்' என்னுங் கப்பல்களின் பெயரை அம்மையார் இன்றும் அண்டை வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்லுவர்.

1964ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில், 19 வயதினராகிய அவர், பரமக்குடியில் வாழ்க்கைப்பட்டிருந்த தமக்கையின் பேறுகாலத்துக்கு உதவியாக அனுப்பப்பட்டார். மார்கழி பிறந்து ஒரு வாரத்தில், டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவிற் புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுக்கோடிக்கு வந்துகொண்டிருந்த புகைவண்டியொன்று, அதிலிருந்த நூற்றுவர்க்கு மேற்பட்ட பயணிகளோடு அலையில் மறைந்தது. ஊரும் மறைந்தது. அம்மையாரின் தாய், தந்தை, 11 வயதுத் தம்பி ஆகிய மூவரின் உடலும் கிடைக்கவில்லை. சென்னை அரசாங்கத்தார் அவ்வூரை மக்கள் குடியிருத்தற்குத் தகாத இடமென்று பின்னர் அறிவித்தனர். அன்று தொட்டு அம்மையார் இராமேச்சுரம் வரையிற் பலமுறை வந்திருக்கின்றார். தனுக்கோடிப் பக்கம் ஓரடியும் வைத்ததில்லை. ஏன் என்று கேட்டவர்க்கு அவர் சொல்லிய விடை ஒன்றே: "அங்கே எனக்கு என்ன இருக்கிறது?"

இவ்விடை சில ஆண்டுகளாக மாறத் தொடங்கிற்று. அதற்குக் காரணம் அவர் கண்ணில் வந்த நோய். கண்நீர் அழுத்த நோய் என்று மருத்துவர் கூறுவது அது. கண்ணுள் நீரின் அழுத்தம் மிக, பார்வை நரம்பு சிறிது சிறிதாகத் தேய்ந்துபோம். தேய்ந்தது மீளாது, மருந்து, எஞ்சியதைக் காப்பதற்கே. இந்நோயின் இயல்பு யாதெனின், பெரும்பான்மையும் சுற்றுப்புறப் பார்வை முதலிற் குறைந்து, நடுப்பார்வை கடைசிவரை நிற்றலாம். மூங்கிற் குழாய் வழியே உலகைப் பார்ப்பதுபோல அம்மையார்க்கு ஆயிற்று. அகன்ற கடலை எதிரே காட்டினால் அது துண்டுதுண்டாகத் தோன்றும். உள்ளங்கை அளவினதாகிய படத்தை முகத்துக்கு நேரே பிடித்தால் முழுதும் விளங்கும். இவ்வுண்மையை உணர்ந்தபோதுதான், காமிரா ஒன்று வாங்கவேண்டும் என்னும் எண்ணம் அன்பர்க்கு உண்டாயிற்று. சேமநிதியினின்று ஒரு தொகை எடுத்து, பின்புறத்திற் பெரிய திரையுடைய புதிய காமிராவொன்று வாங்கினார். அன்னையார் பொருட்டு வாங்கியது என்று அவர் எல்லாரிடத்துஞ் சொன்னாரேனும், இளமை முதற்கொண்டு அத்தகைய கருவியின்மேல் அவர்க்கிருந்த ஆசையும் அதிற் பாதி என்பதை மறைத்தல் வேண்டா. அம்மையாரும் அதனை அறிந்தே இருந்தார்.

2025ஆம் ஆண்டு ஆடி அமாவாசைக்கு இருவரும் இராமேச்சுரம் போந்தனர். அமாவாசைக் கடன்கள் இனிது முடிந்தன. மறுநாள் அன்பர் காமிராவுடன் தீவைச் சுற்றிப் பார்த்து வருவதென்றும், அம்மையார் திருக்கோயிலை அடுத்த விடுதியறையிலே தங்குவதென்றும் ஏற்பாடு. "எதை எதை எடுத்து வரவேண்டும், அம்மா?" என்று கேட்டதற்கு, அவர் விரல் மடக்கி நான்கு சொன்னார்: புகைவண்டி நிலையம், மாதா கோயில், தபாலாபீசு, மாதா கோயிலுக்கு வடக்கே மணலில் ஓர் ஊற்று.

விடியற்காலையில் அக்கினி தீர்த்தக் கரையிலிருந்து தொடங்கினார். முதல்நாட் கூட்டத்திற் கழித்தெறியப்பட்ட ஈரத்துணிகள் கரைநெடுகக் கிடந்தன. புண்ணிய நீரிற் பழந்துணியை எறிந்து போதல் எந்நூலில் விதிக்கப்பட்டதோ தெரியவில்லை. அவற்றை வாரிக் கொட்டும் தொழிலாளர் அதிகாலையிலேயே வந்துவிட்டனர். ஞாயிறு கடலினின்று எழுந்தபோது கரையில் நின்றவர் பலர் கைகூப்பினர். வேறு பலர் கைப்பேசியை உயர்த்தினர். அன்பர்க்கு இரண்டையும் ஒருங்கே செய்யக் கையில்லை. நாற்பது படங்கள் எடுத்த பின்னரே, அன்று தாம் ஞாயிற்றை வணங்கவில்லை என்பது அவர்க்கு நினைவு வந்தது. அருகே படியில் அமர்ந்து கண்மூடியிருந்த அன்னையாரையும் ஒரு படம் எடுத்தார். ஓசை கேட்டு அவர் விழித்து, "என்னை எடுத்து யாருக்குக் காட்டப்போகிறாய்? நான் இங்கேதானே இருக்கிறேன்," என்றார்.

அன்னையாரை அறையில் விட்டு, ஆட்டோ ஒன்று பேசிக்கொண்டு அன்பர் முதலில் மேற்கே பாம்பனுக்குச் சென்றார். 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேல் நின்று வடக்கே நோக்கினால் இரண்டு இருப்புப்பாதைப் பாலங்கள் அருகருகே தோன்றின. ஒன்று 1914ஆம் ஆண்டு பெப்ருவரியில் திறக்கப்பட்டது. கப்பல் போதற்கு இடைக்கண்ணின் இரு சிறகும் கதவுகள்போல மேல்நோக்கி விரியும் அமைப்புடையது. அவற்றை ஆட்கள் கையாலே சுழற்றித் திறந்துவந்தனர். 1964ஆம் ஆண்டுப் புயலில் அதன் பெரும்பகுதி சிதைந்தும், 46 நாளிற் செப்பனிட்டு மீண்டும் வண்டி ஓட்டினர். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அதன்மேல் வண்டியோட்டம் நின்றது. மற்றொன்று 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலம். இதன் இடைக்கண் 72.5 மீட்டர் நீளமுடையது. சிறகு விரியாமல், கிடந்தபடியே தூக்கியைப் போல நேர்மேலே எழும். பழைய இரும்பின் துருவும் புதிய இரும்பின் பூச்சும் ஒரே படத்தில் அமையுமாறு அன்பர் நெடுநேரம் நின்றார். ஆட்டோக்காரர், "ஐயா, இங்கே நிறுத்தக்கூடாது, போலீசு வரும்," என்று மும்முறை சொல்லிய பின்னரே வண்டியேறினார். அங்கிருந்து குந்துகால் என்னுமிடம் அண்மையது; 1897ஆம் ஆண்டு சனவரியில் விவேகானந்தர் மேலைநாட்டினின்று மீண்டு இத்தீவிற் கால்வைத்ததன் நினைவாக ஆண்டொரு மண்டபம் உண்டு. கந்தமாதன பருவதத்தின்மேல் ஏறித் தீவை ஒருமுறை நோக்கினார். மலையென்று பெயரேயன்றி அஃது ஒரு மணல்மேடு. ஆயினும் அத்தீவில் அதனினும் உயர்ந்த இடம் பிறிதில்லை.

நிற்க. நண்பகல் கழிந்தபின் தனுக்கோடிச் சாலையிற் புகுந்தார். நகரைக் கடந்த சிறிது தூரத்திலே மரங்கள் குறைந்தன. பின்னர் வீடுகள் குறைந்தன. பின்னர் இருபுறமும் நீரும் நடுவே சாலையுமாயின. வலப்பக்கம் மன்னார் வளைகுடா. இடப்பக்கம் பாக்கு நீரிணை. ஆடித்திங்களின் தென்மேல் காற்று வலிந்து வீசியமையால் தென்கடல் வெண்ணுரை கக்கி முழங்கிற்று. வடகடலோ குளம்போற் கிடந்தது. முன்னதை ஆண்கடல் என்றும் பின்னதைப் பெண்கடல் என்றும் அப்பக்கத்தார் வழங்குவர். சாலையினின்று விலகிக் கடலால் சூழப்பட்டு நிற்கும் கோதண்டராமர் கோயில், 1964இல் அப்பக்கத்தில் அழியாது எஞ்சியது. 2017இல் அரிச்சல்முனை வரையிற் சாலை திறக்கப்பட்டதன் முன்னர் மணலிற் செல்லும் வண்டிகளிலும் காலாலுமே இவ்விடத்துக்குப் போதல் இயலும். இப்போது பேருந்தே செல்கின்றது.

இடிந்த ஊரில் இறங்கினார். மாதா கோயிலின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. பவளப்பாறைக் கற்களால் எழுப்பியவை. அணுகி நோக்கினால் ஒவ்வொரு கல்லிலும் கடலுயிர்கள் கட்டிய நுண்ணிய துளைகளும் வரிகளுங் காணலாம். கடலிற் பிறந்த கல்லைக் கரையிற் கொணர்ந்து மனிதர் கோயில் எடுக்க, கடலே வந்து அதனை மீட்டுச் செல்ல முயன்று பாதியில் விட்டதுபோலும். சுவர் நடுவே பலர் ஏறி நின்று தம்மைத் தாமே படமெடுத்துக்கொண்டிருந்தனர். ஓர் இளைஞர் கூட்டம் பீடமிருந்த இடத்தில் நின்று கூக்குரலிட்டது. அவர்கள்பாற் குற்றமில்லை, அவ்விடத்தில் யார் ஞாயிற்றுக்கிழமைகளில் முழந்தாளிட்டிருந்தனர் என்று அவர்க்குச் சொல்லுவார் ஒருவரும் இல்லை.

அன்பர் எடுத்த முதற்படங்களைத் திரையிற் பார்த்தபோது அவர்க்கு வியப்பு உண்டாயிற்று. கண்ணைக் கூசச் செய்த வெண்மணல் திரையில் அழுக்கேறிய சாம்பல் நிறமாகத் தோன்றிற்று, சுவர்கள் கரியாயின. காமிராவின் ஒளியளவி, தன்முன் உள்ளது யாதாயினும் அதனை நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கொண்டு ஒளியை அளக்குமாறு இயற்றப்பட்டது. வெண்மணலின் ஒளி மிகுதி கண்டு, இஃது அளவிறந்தது எனக் கருதி அது கதவைச் சுருக்கிக் கொள்ளும். இது மணல், இது வெண்மை என்று அறியும் அறிவு அக்கருவிக்கில்லை. அறிந்த ஒருவன் பின்னிருந்து, 'இன்னுஞ் சிறிது ஒளி புகவிடு' என்று திருத்த வேண்டும். அவ்வாறு திருத்தியபின் மணல் வெளுத்தது. அன்பர்க்குப் பாடங்கேட்ட நாள்கள் நினைவு வந்து முறுவல் தோன்றிற்று. ஆயினும் அந்நினைவு நெடுநேரம் நிற்கவில்லை. வில்லையை மாற்றுதற்குக் காற்றுக்கு முதுகு காட்டி அவர் குனிந்தபோது மணல் ஒரு பிடி வந்து வீழ்ந்து, கருவியின் சுழல்வளையம் நறநறவென்று ஒலிக்கத் தொடங்கிற்று. புதிய பொருள், சேமநிதிப் பணம். மேலாடையின் தலைப்பால் துடைத்துத் துடைத்து அரைமணி நேரம் போயிற்று.

புகைவண்டி நிலையத்தின் எஞ்சிய சுவர்களும் தபாலாபீசின் எஞ்சிய சுவரும் ஒருவாறு விளங்கின. நான்கில் மூன்று ஆயின. ஊற்று ஒன்றே எஞ்சிற்று. மாதா கோயிலுக்கு வடக்கே மணல்மேடும் முட்செடியும், அப்பால் ஓலைக் குடிசைகள் சிலவும் இருந்தன. குடிசை நிழலிற் கரைவலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை அணுகி அன்பர் வினவினார்.

"ஐயா, இங்கே மணலில் ஓர் ஊற்று இருந்ததாமே?"

"எந்த ஊற்று, தம்பி? இங்கே தோண்டுகிற இடமெல்லாம் ஊற்றுத்தான்."

"எங்கள் அம்மா இந்த ஊரிலே பிறந்தவர்கள். புயலுக்கு முன்பு மாதா கோயிலுக்கு வடக்கே எடுப்பார்களாம்."

முதியவர் ஊசியை வலையிற் குத்தி நிறுத்தினார். அன்னையார் யார் மகள் என்றும், தந்தையார் செய்த தொழில் யாது என்றுங் கேட்டார். சொன்ன பெயரை அவர் அறியார். புயலின்போது அவர் ஏழு வயதுச் சிறுவர். பெற்றோரோடு இராமேச்சுரத்துத் திருக்கோயிலில் அடைக்கலம் புகுந்து பிழைத்தவர். "துறையில் மூட்டை தூக்கினவர்கள் இருந்த தெரு தெற்கே. அந்தத் தெரு இப்போது கடலுக்குள்ளே," என்று தென்கடலைச் சுட்டினார். அன்பர் அத்திசையைப் பார்த்தார். அலையன்றி ஒன்றுமில்லை. காமிராவை உயர்த்தினார், பின்னர் எதை எடுப்பது என்று தோன்றாமையால் இறக்கினார். அன்று அவர் எடுக்காமல் விட்ட படம் அஃது ஒன்றே.

முதியவர் தம் மருமகளை அழைத்து ஊற்றைக் காட்டச் சொன்னார். குடிசைக்குப் பின்னே முழங்கால் அளவு ஆழத்தில் மணலைப் பறித்து, சுற்றிலும் பனைமரத் துண்டுகளை அண்டைகொடுத்திருந்தனர். அடியில் ஒரு சாண் நீர் தெளிந்து நின்றது. தெற்கே உப்புக்கடல், வடக்கே உப்புக்கடல், இடையே மணலைக் கிள்ளினால் நன்னீர். இது வியப்பாயினும் காரணமில்லாததன்று. மழைநீர் மணலினூடு இறங்கி, தன்னினுங் கனத்த உவர்நீரின்மேல் மிதந்து ஒரு படலமாய் நிற்கும். ஆழத் தோண்டினாலும் அளவிறந்து இறைத்தாலும் கீழுள்ள உவர் மேலேறிவிடும். ஆதலின் ஆழமில்லாத குழியிற் சிரட்டையால் மெல்ல மொண்டு மொண்டு குடம் நிரப்புவது அங்குள்ளார் வழக்கம். அப்பெண் குனிந்து மொள்ளும்போது சிரட்டையின் விளிம்பினின்று நீர் ஒழுகியதை அன்பர் படமெடுத்தார். ஒளி மேல்பால் சாய்ந்திருந்தது. படம் நன்றாக அமைந்தது. அவள் சிரட்டையை நீட்டி, "குடிக்கிறீர்களா?" என்றாள். அன்பர் இரு கையாலுங் காமிராவைப் பிடித்திருந்தார். "வேண்டாம் அம்மா, வண்டியில் தண்ணீர்ப்புட்டி இருக்கிறது," என்றார்.

அரிச்சல்முனை வரையிற் சென்று திரும்பினார். நிலம் முடிந்து இரண்டு கடலுங் கூடும் அம்முனைக்கு அப்பால் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார் உளது. மாலை நேரத்தில் அங்கே நிற்க விடுவதில்லை. காவலர் ஊதுகுழல் ஊதி அனைவரையுந் திருப்பி அனுப்பினர்.

விடுதிக்கு வந்ததும் அம்மையார் படங்களைக் கேட்கவில்லை. "முதலிற் கோயிலுக்குப் போய் வருவோம்," என்றார். திருக்கோயிலினுள் காமிராவும் கைப்பேசியும் கொண்டுபோக இசைவில்லை. அதனால் காமிரா அறையிலேயே பூட்டப்பட்டது. பகலெல்லாங் கழுத்திற் சுமந்த பாரம் நீங்கவே அன்பர்க்குக் கழுத்து வெறுமையாயிருந்தது. கை அடிக்கடி மார்பைத் தடவிற்று.

திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய அத்தலத்தில், 22 தீர்த்தங்களையும், இராமலிங்கம், விசுவலிங்கம் என்னும் இருவகை வழிபாட்டையும் அறியாதார் இலர். அவை ஈண்டு விரிக்க வேண்டுவன அல்ல. கூறவேண்டுவது மூன்றாந் திருச்சுற்றைப் பற்றி. பதினெட்டாம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி முற்றுவித்த அச்சுற்று, கீழ்மேலாக 600 அடிக்கு மேற்பட்ட நீளமுடையது. இருமருங்கும் உயர்ந்த மேடைமேல் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று, கண் எட்டும் எல்லையில் ஒரு புள்ளியாய்க் கூடும். மகனாரின் தோளைப் பற்றிக்கொண்டு நடந்த அம்மையார் அதன் நடுவே வந்தவுடன் நின்றார். பிறகு பற்றிய கையை விட்டார். "எல்லாம் தெரிகிறது," என்றார்.

குழாய்போற் சுருங்கிய பார்வைக்குக் குழாய்போல் நீண்ட அத்திருச்சுற்று ஏற்றதாய் அமைந்தது. பக்கத்தில் உள்ளன அவர்க்குத் தோன்றா. நேரே எதிரில், தூண்களெல்லாம் ஒடுங்கும் அவ்விடம் மட்டுந் தோன்றும். அவ்விடத்தே ஒரு விளக்கு எரிவதை மகனார்க்கு முன்னரே அவர் கண்டார். சில ஆண்டுகளாக ஒருவர் துணையின்றி நடவாதவர், அச்சுற்றின் கோடிவரைக்குந் தாமே நடந்து போயினர். அன்பர் பத்தடி பின்னே சென்றார். அவர் கண் நிறைந்திருந்தது என்பதையும், காமிரா இருந்தால் நன்றாயிருக்கும் என்று அப்போதும் ஒருகணம் நினைத்தார் என்பதையும் அவரே பின்னர் நண்பரிடத்துச் சொல்லியிருக்கின்றார்.

இரவு உணவுக்குப்பின் அம்மையார் கட்டிலில் அமர்ந்து, திரையை முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்திற் பிடித்து, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அன்று எடுத்தவை 412. பாலங்களை விரைவாகத் தள்ளினார். ஞாயிற்றின் நாற்பது படங்களையுந் தள்ளினார். புகைவண்டி நிலையத்தில் நின்று, "இந்த வளைவுக்கு மேலே கடிகாரம் இருந்தது," என்றார். தபாலாபீசை, "இதுவா? இது இல்லை," என்று ஐயுற்றார். மாதா கோயிலைக் கண்டதும், "கூரையெல்லாம் போய்விட்டதா," என்றார். கூரை போனதை அறுபதாண்டுகளாக அறிந்தவர், அப்போதே கேட்டறிந்தவர்போலச் சொன்னார். பல படங்களில் முன்னின்று சிரித்த அயலாரைப் பார்த்து, "இவர்களெல்லாம் யார்?" என்று கேட்டார். "பார்க்க வந்தவர்கள், அம்மா." "நல்லது, யாராவது வரட்டும்."

ஊற்றின் படம் வந்தது. அம்மையார் திரையை இன்னுஞ் சிறிது அருகே கொணர்ந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"தம்பிதான் மொள்ளுவான். நான் குடத்தைப் பிடித்துக்கொள்வேன். பாதிச் சிரட்டையைக் குடித்துவிட்டுப் பாதியைக் குடத்தில் ஊற்றுவான். அம்மா வைவாள்," என்றார். பின்னர், "அவன் முகம் மறந்துபோயிற்று, அப்பா. இருபது வருஷம் ஆகிறது. யாரிடமுஞ் சொல்லவில்லை. ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள எங்களுக்கு அப்போது ஏது வசதி? சிரட்டை பிடித்த கைதான் தெரிகிறது," என்றார்.

அன்பர் வாய் திறவாதிருந்தார். பாம்பன் படத்தையும் ஞாயிற்றின் படத்தையும் எடுக்கத் தெரிந்தவர்க்கு அதற்கு விடை சொல்லத் தெரியவில்லை.

"தண்ணீர் இன்னும் அப்படியே இனிக்கிறதா?" என்று அம்மையார் கேட்டார்.

"குடித்துப் பார்க்கவில்லை, அம்மா."

"கொடுத்தார்களா?"

"கொடுத்தார்கள்."

அம்மையார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. திரையை அணைக்கச் சொன்னார். விளக்கையும் அணைத்துப் படுத்தபின், இருட்டில், "காலையில் முதற்பேருந்து எத்தனை மணிக்கு?" என்று வினவினார்.

மறுநாட்காலை முதியவரின் குடிசைப் பின்புறத்தில் அவர்க்கு ஒரு பலகை இட்டனர். அம்மையார் தாமே சிரட்டையை வாங்கி, குழியின் விளிம்பைக் கையால் தடவி அறிந்து, மொண்டு குடித்தார். சிறிது உவர்க்கின்றது என்றார். முதியவர், மழை சரியாகப் பெய்யவில்லை, ஐப்பசி கார்த்திகையில் வந்தால் நன்றாயிருக்கும் என்றார். அம்மையார் தலையசைத்து, சிரட்டையிற் பாதி நீரை வைத்துக்கொண்டு மகனாரிடம் நீட்டினார்.